பேரைக் கேட்டுவிட்டு எழுது

கண்ணு, நீ அனுப்பிய நாவல் கட்டு வந்து சேர்ந்தது. மூன்று நாளாகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். நல்லது கெட்டது சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம், நியாயம்தான். 1963ல் குமாஸ்தா வேலைக்குக் கல்கத்தா போனவன், நாவலாசிரியனாகத் திரும்பி வருவேன் என்று ரயில் ஏறும்போது உன் கொள்ளுப்பாட்டியிடம் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கழித்துப் பென்ஷன் ஆர்டரோடு திரும்பினேன். தொடங்கிய நாவல்கள் நாலு, முடித்தது ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே வங்காளி எழுத்துக் கூட்டி, ஒரு மனிதரை விடாமல் படித்தேன். விபூதிபூஷண் பந்தோபாத்யாய. அவருடைய ‘பதேர் பாஞ்சாலி’யை ‘நாகம்மாள்’ எழுதிய நம் ஆர். ஷண்முகசுந்தரம் தமிழில் தந்தார், அதில் தொற்றிய பித்து இது. விபூதிபூஷண் வாழ்க்கையையும் என் தப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததை நம்பர் போட்டு எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

1. உன்னை யாராவது எழுத்தில் சிக்கவைத்தால் கோபித்துக்கொள்ளாதே. விபூதிபூஷண் ஹரிநாபியில் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, பாஞ்சுகோபால் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு பையன் அவரிடம் ஒட்டிக்கொண்டான். புத்தகப் பைத்தியம். நாம் இருவரும் சேர்ந்து மலிவு விலையில் நாவல் போடலாம் என்று நச்சரித்தான். வாத்தியார் பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் பார்த்தால் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, இவருடைய நாவல் விரைவில் வருகிறதென்று! இவரோ ஒரு வரி எழுதியவரில்லை. எப்போது வருகிறது, எப்போது வருகிறது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்கக் கேட்க, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். அதுதான் ‘உபேக்ஷிதா’. 1922ல் ‘பிரவாசி’ இதழில் வந்தது. பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்த கதை இது. எனக்கு அப்படியொரு போக்கிரிப் பையன் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் நான் அந்த நோட்டீஸைக் கிழித்திருப்பேன்.

2. சோறு போடும் வேலையைப் பழிக்காதே. உன் கடிதத்தில், ஆபீஸ் வேலை உன்னைத் தின்கிறது என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் முப்பத்தொரு வருஷம் புலம்பினேன். அவர் பார்த்த வேலைகளைக் கேள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பசுப் பாதுகாப்புச் சங்கத்துக்காகக் கிழக்கு வங்காளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பிறகு கல்கத்தாவின் ஒரு ஜமீன் குடும்பத்துக்காகப் பீகாரில் பாகல்பூர்ப் பக்கம் காட்டு நிலங்களை மேற்பார்க்கப் போனார். குதிரையில் காடு சுற்றுவது, குத்தகை பேசுவது, கணக்குப் பார்ப்பது. இதில் எந்த வேலை எழுத்தாளனுக்கு ஏற்றது? எதுவும் இல்லை. ‘பதேர் பாஞ்சாலி’ 1925க்கும் 1928க்கும் நடுவில் அந்தப் பாகல்பூரில்தான் எழுதப்பட்டது. வங்காளக் கிராமத்தின் மூங்கில் தோப்பை நினைத்து ஏங்கிக்கொண்டு, மொழியும் மண்ணும் வேறான இடத்தில் உட்கார்ந்து எழுதினார். கடைசிக் காலத்திலும் கோபால்நகர்ப் பள்ளியில் வாத்தியார்தான்.

3. முடித்ததைக் கலைக்க மனசு வேண்டும். ‘பதேர் பாஞ்சாலி’யை ஒருமுறை எழுதி முடித்தபோது அதில் துர்கா கிடையாது. நம்ப முடிகிறதா? அப்பு உண்டு, அக்கா இல்லை. அப்புறம் ஒருநாள் பாகல்பூரில், தலைமுடி காற்றில் கலைந்து பறக்க நிற்கிற ஒரு சிறுமியை வழியில் பார்த்தார். இவள் இல்லாமல் என்ன நாவல் என்று தோன்றிவிட்டது. திரும்பப் போய் முதலிலிருந்து எழுதினார். எத்தனை மாத உழைப்பு! யாரோ ஒரு பெண், பேசியதுகூட இல்லை, அவளுக்காக அவ்வளவையும் தள்ளிவைத்தார். நான் ஒரு அத்தியாயம் எழுதினால் அதை வெள்ளித்தட்டு மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வேன். அதனால்தான் அது பொத்தலோடு நின்றது.

4. பேரைக் கேள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. விபூதிபூஷண் ‘செடிகொடிகள் அடர்ந்த பாதை’ என்று எழுதிவிட்டு நகர்கிறவர் அல்ல. வேலியில் படர்ந்திருப்பது கோவைக் கொடி என்றால் கோவைக் கொடி என்றே எழுதுவார். மனிதர்களையும் அப்படியே. ‘ஆரண்யக்’கில், நம் த.நா. சேனாபதி ‘வனவாசி’ என்று மொழிபெயர்த்தாரே அதில், காட்டு விளிம்பில் ஒண்டியிருக்கும் ஏழைகள் எத்தனை பேர் வருகிறார்கள்! குந்தா என்று ஒரு விதவை. மேனேஜர் சாப்பிட்ட இலையில் மிஞ்சும் சோற்றுக்காகக் குளிர் ராத்திரியில் கிணற்றங்கரையோரம் பாத்திரத்தோடு நிற்கிறாள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக. இன்னொருவனாக இருந்தால் ‘ஒரு பிச்சைக்காரி’ என்று அரை வரியில் முடித்திருப்பான். இவர் விசாரிக்கிறார். அவள் பேர் என்ன, யார் பெண், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எப்படி இந்த நிலைக்கு வந்தாள் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். கேட்டதும் அவள் மனுஷியாகிவிடுகிறாள்.

என் கதையைச் சொல்கிறேன், வெட்கம்தான். ராஷ்பிகாரி அவென்யூப் பக்கம் நம்மவர்கள் நடத்திய ஒரு மெஸ்ஸில் ஒன்பது வருஷம் சாப்பிட்டேன். அங்கே தண்ணீர் ஊற்றுகிற பையன் ஒருவன். வரும்போது பன்னிரண்டு வயது இருக்கும், நான் மெஸ்ஸை விடும்போது மீசை முளைத்திருந்தது. பித்தளைக் கூஜாவைத் தூக்கித் தூக்கி அவன் வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். எனக்கு ரசம் சாப்பிட்டால் உடனே தண்ணீர் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், கேட்கும்முன் வந்து நிற்பான். ஒன்பது வருஷத்தில் நான் அவனைக் கூப்பிட்ட பேர் ‘ஏய், தண்ணி’. அந்த ஒன்பது வருஷமும் ராத்திரி ராத்திரி லாந்தர் வெளிச்சம், விதி, வர்க்கம், மனிதகுலம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரிசாப் பக்கத்துப் பையன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

5. போகாத ஊருக்கு வழி சொல்லலாம், உழைத்தால். அவர் ஆப்பிரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ‘சாந்தேர் பாஹாட்’ எழுதினார். சங்கர் என்கிற வங்காளிப் பையன் உகாண்டா ரயில் வேலைக்குப் போய்ச் சிங்கத்திடமும் பாம்பிடமும் பாலைவனத்திடமும் மாட்டுகிற கதை. பயண நூல்களைப் படித்துப் படித்து எழுதியது. வங்காளத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அனுபவம் போதவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாயே, இந்தச் சாக்கை விட்டுவிடு.

6. உன்னைக் கடித்தவர்களைக் கதையில் பழிவாங்காதே. ‘ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்’ தெரியுமா? ராணாகாட் ரயிலடியில் பேசு சக்கத்தியின் ஹோட்டல். அங்கே சமையல்காரர் ஹாஜாரி தாகூர். கைமணம் கொண்டவர், வாய் திறக்காதவர். அங்கே வேலைக்காரி பத்மா வைத்ததுதான் சட்டம். அவள் இவரைப் படுத்தாத பாடு இல்லை, மீந்த மீனைக்கூடத் தட்டிப் பறிப்பாள். இவருக்கு மனசுக்குள் ஒரே ஒரு கனவு, சொந்தமாக ஒரு ஹோட்டல். கடைசியில் வைத்தும் விடுகிறார். பழைய ஹோட்டல் நொடிக்கிறது. இங்கேதான் பார், அந்த முதலாளியும் பத்மாவும் பிழைப்புக்கு வழியில்லாமல் நிற்கும்போது, இவர் தன் ஹோட்டலில் வேலை போட்டுக் கொடுக்கிறார். நாடகத்தில் வருகிற பெருந்தன்மையாக இல்லை. பழகிய மனிதர்கள், சங்கடப்படுகிறார்களே என்ற கூச்சத்தோடு செய்கிறார். உன் நாவலில் வரும் அந்த சூபர்வைசர் யாரென்று எனக்குத் தெரியும், உன் அம்மா சொன்னாள். எட்டு அத்தியாயமாக அவனை அடி அடி என்று அடித்திருக்கிறாய். அவன் வீட்டில் ராத்திரி என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு வரி எழுதிப் பார்.

7. பெரிய துயரத்தைச் சின்னக் கதவு வழியாக உள்ளே விடு. 1943ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அதை எழுதிய ‘அசனி சங்கேத்’தை எடுத்தவுடன் பிணங்களைத் தேடினால் ஏமாந்துபோவாய். ஒரு கிராமம், புதிதாகக் குடிவந்த கங்காசரண் என்ற பிராமணன், அவன் மனைவி அனங்கா. பிள்ளைகளுக்குப் பாடம், வைத்தியம், பூசை என்று கொஞ்சம் தந்திரமாகவே பிழைக்கிறான். எங்கோ யுத்தமாம் என்று பேச்சு வருகிறது. அரிசி விலை ஏறுகிறது. மறுபடி ஏறுகிறது. கடைக்காரன் இல்லை என்கிறான். கிழங்கு தோண்டுகிறார்கள். மோதி என்கிற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் சாகும்போது, அரிசி கிடைக்காமல் மனிதர் சாக முடியும் என்பது ஊருக்கு முதல்முறையாகப் புரிகிறது. ஒரே ஒரு சாவு. 1973ல் சத்யஜித் ராய் இதைப் படமெடுத்து பெர்லினில் தங்கக் கரடி வாங்கினார். படத்தைப் பார், ஆனால் நாவலைப் படித்துவிட்டுப் பார்.

8. உன் கையிலிருக்கும் கோடாலியை மறைக்காதே. எழுத்தாளர்கள் எல்லாருமே கதையில் நல்லவர்களாக இருக்கிறோம். ஊர் கெட்டுவிட்டது, மனிதர்கள் மாறிவிட்டார்கள், நான் மட்டும் ஓரமாக நின்று கண்ணீர் விட்டேன் என்று எழுதுவது எவ்வளவு சௌகரியம்! ‘ஆரண்யக்’ அந்தச் சௌகரியத்தைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் வேலை கிடைக்காமல் அலைந்த சத்யசரண், காட்டு எஸ்டேட்டுக்கு மேனேஜராக வருகிறான். முதலில் ஓடிவிடலாமா என்று இருக்கிறது. பிறகு நிலாவெளிச்சத்தில் அந்தக் காடு அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அவனை எதற்கு அங்கே அனுப்பினார்கள்? காட்டை அழித்து, நிலத்தைப் பிரித்து, குடிவைத்து, வசூலுக்கு வழி பண்ண. பிரேமிக்கிறவனே வெட்டவும் வேண்டும். சரஸ்வதி குண்டம் என்ற ஏரிக்கரையை மட்டும் எப்படியாவது தள்ளிப் போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறான். யுகல்பிரசாத் என்று ஒருவன் வருவான், எனக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். எங்கெங்கிருந்தோ விதையும் கொடியும் கொண்டுவந்து, தனக்குச் சொந்தமில்லாத காட்டில், யாருக்கும் சொல்லாமல் நட்டுவைப்பான். ஆளில்லாத இடத்தில் பூ பூக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதில் நினைப்பு இருக்காது. அவனும் மேனேஜரும் சேர்ந்து நட்டுக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் அதே மேனேஜர் கையெழுத்தில் காடு போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்த வனதேவதைகளிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான்.

இதை எழுதியவர் அந்த வேலையைப் பார்த்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படி. காட்டு வாழ்க்கையை எழுத வேண்டும் என்று 1928லேயே நாட்குறிப்பில் குறித்துவைத்தார். ‘பிரவாசி’யில் தொடராக வந்து புத்தகமானது 1939ல். பதினோரு வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியை ஊறப்போட்டிருக்கிறார். அவசரமாக எழுதியிருந்தால் தன்னைத்தானே திட்டிக்கொள்கிற புத்தகமாகப் போயிருக்கும், அதுவும் ஒருவகைத் தற்பெருமைதான்.

9. வாசகன் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடாதே. ‘பதேர் பாஞ்சாலி’ என்றதும் உனக்கு நாணல் பூக்களுக்கு நடுவே அப்புவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடுவது நினைவுக்கு வரும். அது ராய் செய்தது, 1955 படத்தில். அருமையான காட்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை! கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு இருவரும் தண்டவாளம் பார்க்கலாம் என்று போகிறார்கள், வழி தவறி, சேறு மிதித்து, அலுத்துத் திரும்புகிறார்கள். ஜுரத்தில் கிடக்கும்போது, எனக்கு உடம்பு சரியானதும் ஒருநாள் ரயிலைக் காட்டுகிறாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். அவ்வளவுதான். பின்னால் ஊரைவிட்டுப் போகும்போது அப்பு ரயிலேறுகிறான், அக்கா பின்னால் நின்றுவிட்டாள்.

அந்தக் குங்குமச் சிமிழையும் சொல்ல வேண்டும். துர்கா திருடினாள் என்று பழி வந்தது தங்கக் குங்குமச் சிமிழுக்காக, படத்தில்தான் அது மாலை. அவள் போன பிறகு, வீட்டைக் காலி செய்கிற அன்று பரணில் ஒரு பானைக்குள் அப்புவின் கையில் அது அகப்படுகிறது. அப்போ அக்கா எடுத்தது நிஜம்தான். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மூங்கில் புதருக்குள் வீசிவிடுகிறான். அம்மாவிடம் சொல்வதில்லை. உன் நாவலில் எல்லா ரகசியமும் கடைசி அத்தியாயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டொன்றைப் புதருக்குள் வீசு.

10. சொந்த துக்கத்தை உடனே காசாக்காதே. 1917ல் அவருக்கு கௌரியோடு கல்யாணமானது. ஏறக்குறைய ஒரு வருஷம்தான், அவள் போய்விட்டாள். பிறகு 1940ல்தான் ரமாதேவியை மறுமணம் செய்துகொண்டார். காட்சிலாவில் வாங்கிய வீட்டுக்கு ‘கௌரி குஞ்ஜ’ என்று பேர். நான் ஒரு டிசம்பரில் ஹௌராவில் ரயிலேறி அங்கே போய், சுவர்ணரேகா ஆற்றங்கரையில் ஒரு முழுப் பகல் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். உன் பெரியபாட்டி இறந்த மறு மாசம் நான் செய்ததென்ன? ஒரு பத்திரிகைக்குக் கண்ணீர்க் கட்டுரை அனுப்பினேன். அச்சில் பார்த்தபோது அதில் அவள் இல்லை, நான்தான் இருந்தேன்.

11. இவரையும் கும்பிட்டுக்கொண்டு நிற்காதே. வறுமையை ரொம்ப அழகாக்கிவிடுகிறார் என்று சொல்கிறவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவர் காலத்தில் வங்காளத்தில் மூன்று பந்தோபாத்யாயர்கள் இருந்தார்கள். மாணிக்கின் ‘பத்மா நதிர் மாஜி’யைப் படித்தால் பசிக்குப் பல் இருப்பது தெரியும். தாராசங்கரின் ‘ஆரோக்ய நிகேதன’த்தைப் படித்தால் ஒரு காலம் முடிவதன் கனம் தெரியும். மூவரையும் படி. விபூதிபூஷண் மறு உலகத்தைப் பற்றி எழுதிய ‘தேவயான்’ என்னோடு ஒட்டவே இல்லை, இரண்டுமுறை முயன்று விட்டுவிட்டேன்.

12. பேர் புகழ் வரும் நேரம் நம் கையில் இல்லை. ‘இச்சாமதி’ 1950ல் வந்தது. தான் வளர்ந்த பக்கத்து ஆறு, நீலச்சாயத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள், அங்கே நடமாடிய சாதாரண ஜனங்கள். அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி காட்சிலாவில் அவர் இறந்துபோனார். ஐம்பத்தாறு வயது. மகன் தாராதாஸ் மூன்று வயதுக் குழந்தை. மறு வருஷம் அந்தப் புத்தகத்துக்கு ரவீந்திர விருது கொடுத்தார்கள். துர்கா நியூயார்க்கில் திரையில் ஓடியது 1955ல். அந்தக் குழந்தை வளர்ந்து, அப்புவின் மகன் கதையை ‘காஜல்’ என்று எழுதினான்.

உன் கட்டை நாளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். பென்சிலில் நிறையக் கிறுக்கியிருக்கிறேன், பிடிக்காததை ரப்பர் வைத்து அழித்துவிடு. 61ஆம் பக்கத்தை மட்டும் அழிக்காதே. அங்கே ஹாஸ்டல் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டு ‘ஒரு வேலைக்காரி’ வருகிறாள். இரண்டு வரியில் போய்விடுகிறாள். மூன்று வருஷம் உன் அறையைப் பெருக்கிய அம்மா அவர்தானே? நேரில் போய் அவர் பேரைக் கேட்டுக்கொண்டு வா. கேட்டதும் எனக்குப் போன் பண்ணு. இடது காதுதான் கேட்கிறது, கொஞ்சம் சத்தமாகச் சொல்.